தோலில் ஓர் அரைப்புள்ளி

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் நிறமாலைமானிச் சோதனை நடந்துகொண்டிருந்தது. முப்பட்டகத்தைத் திருப்பி அளவுகளைக் குறித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் மணிக்கட்டில் சிறிய மைக்கறை போல ஒன்று தெரிந்தது. "என்னம்மா, நோட்டில் எழுதவேண்டியதைக் கையில் எழுதிவிட்டாயா?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "மை இல்லைங்க சார். அரைப்புள்ளி. பச்சை குத்தியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சில மாதங்கள் கழித்து, கல்லூரியை விட்டுப் போகும் நாளில் அவளே வந்து சொன்னாள். பள்ளிப் படிப்பு முடிந்த ஆண்டு கடுமையான மனச்சோர்வில் வீழ்ந்ததும், மருத்துவம் பார்த்துத் தேறியதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "அதோட எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நினைச்சேன் சார். முடியலை. அதனாலதான் முற்றுப்புள்ளி வைக்காம இதை வெச்சிருக்கேன்" என்றாள்.

வகுப்பில் நான் விளையாட்டாகக் கேட்ட கேள்வி எனக்கு உறுத்தியது. பச்சை குத்துவதைப் பற்றியும் மனநோயைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். இவ்விரண்டுக்கும் இடையே நாம் எண்ணுவதைவிடப் பழைய உறவு இருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

கரி ஏன் பச்சையாகத் தெரிகிறது?

முதலில் ஒரு சிறு அறிவியல் கேள்வி. உங்கள் பாட்டியின் முன்கையில் கோலம் போன்ற பச்சையைப் பார்த்திருப்பீர்கள். ஊர் ஊராக வரும் குறத்தி, விளக்குக் கரியையும் பச்சிலைச் சாற்றையும் குழைத்து ஊசியால் குத்திய கோலம் அது. கரி கறுப்பு. கையில் அது ஏன் பச்சையாகவோ நீலமாகவோ தெரிகிறது?

காரணம் ஒளியில் இருக்கிறது. ஊசி கரியை மேல்தோலில் விடுவதில்லை. அதற்குக் கீழே உள்ள உள்தோலில், ஏறத்தாழ ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் கொண்டு சேர்க்கிறது. தோலில் விழும் வெள்ளொளியில் சிவப்புக் கதிர்கள் ஆழமாகச் செல்லும். கரித்துகளை அடைந்ததும் அவை உறிஞ்சப்பட்டுவிடும். நீலக் கதிர்களோ வழியிலேயே சிதறி, கரியை எட்டுமுன் பெருமளவு திரும்பிவிடும். ஆகவே நம் கண்ணுக்கு வந்து சேரும் ஒளியில் சிவப்பு குறைந்து நீலத்தின் பங்கு மிகுந்திருக்கும். தோலின் இயற்கையான மஞ்சட்பழுப்பும் அதனோடு சேரும்போது நமக்குப் பச்சை தெரிகிறது. நம் முன்னோர் இதற்குப் 'பச்சை' என்று பெயரிட்டது கண்ணால் கண்டதை அப்படியே சொன்னதுதான்.

இன்னொரு கேள்வி. தோல் ஓயாமல் உதிர்ந்து புதுப்பிக்கப்படுகிறதே, பச்சை மட்டும் ஏன் அழிவதில்லை? உதிர்வது மேல்தோல், கரி இருப்பது உள்தோலில் என்பது பாதி விடை. மீதி விடை 2018-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளைக் கொண்டு செய்த சோதனையில் கிடைத்தது. உடலுக்குள் வரும் அந்நியப் பொருளை விழுங்குவதற்கென்றே பெருவிழுங்கிகள் எனப்படும் உயிரணுக்கள் உள்ளன. அவை வண்ணத் துகளை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடிவதில்லை. அந்த உயிரணு இறக்கும்போது துகள் வெளியே விழுகிறது. அதன் இடத்துக்கு வரும் புதிய பெருவிழுங்கி அதை மறுபடி விழுங்கிக்கொள்கிறது. இவ்வாறு ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக்கொண்டே வருவதால் குறி நிலைத்து நிற்கிறது. நாம் அசைவற்ற படம் என்று நினைப்பது உண்மையில் உடல் நாள்தோறும் செய்யும் வேலை.

ஐயாயிரம் ஆண்டுப் பழைய நோயாளி

1991-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஆஸ்திரியாவும் இத்தாலியும் சந்திக்கும் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில், ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்தில், மலையேறச் சென்ற தம்பதியர் பனியில் உறைந்த ஓர் உடலைக் கண்டார்கள். சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதன் அவன். 'எட்சி' என்று பெயரிடப்பட்ட அவனுடைய உடல் இப்போது இத்தாலியின் பொல்சானோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவன் உடலில் 61 பச்சைக் குறிகள் உள்ளன. எல்லாம் சிறு கோடுகளும் சிலுவை வடிவங்களும்தாம். அழகுக்கான ஓவியங்கள் அல்ல. அவற்றில் பெரும்பாலானவை இடுப்பை ஒட்டிய முதுகிலும், முழங்காலிலும், கணுக்காலிலும் அமைந்திருக்கின்றன. எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தபோது, அதே இடங்களில் பலவற்றில் எலும்பு மூட்டுகள் தேய்ந்திருப்பது தெரிந்தது. வலித்த இடத்தில் வலி தீர்வதற்காகக் குறியிட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியானால், பச்சைக்கும் மனிதன் படும் வேதனைக்கும் உள்ள தொடர்பு வரலாற்றுக் காலத்துக்கும் முற்பட்டது.

குறி இழிவான கதை

அடுத்து கிரேக்க நாட்டுக்குச் செல்வோம். மனநோயைப் பற்றிப் பேசும் மருத்துவர்கள் ஆங்கிலத்தில் 'ஸ்டிக்மா' என்ற சொல்லை அடிக்கடி பயன்படுத்துவார்கள். நோயாளியின் மேல் சமூகம் சுமத்தும் இழிவு என்று அதற்குப் பொருள். இந்தச் சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. 'குத்துதல்' என்ற வினையிலிருந்து பிறந்த அதன் முதற்பொருள் என்ன தெரியுமா? பச்சை குத்திய குறி!

கிரேக்கர்கள் தங்களை அழகுபடுத்திக்கொள்ளப் பச்சை குத்திக்கொண்டவர்கள் அல்லர். தப்பியோடிப் பிடிபட்ட அடிமைகளுக்கும் குற்றவாளிகளுக்கும் அவர்கள் அதைக் குத்தினார்கள். ஆனால் அவர்களுக்கு வடக்கே வாழ்ந்த திரேசியர்களிடம் வழக்கம் நேர்மாறாக இருந்தது. அங்கே பச்சை உயர்குடிப் பிறப்பின் அடையாளம். அது இல்லாதவன்தான் தாழ்ந்தவன். வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் இதை எழுதி வைத்திருக்கிறார். ஊசியும் கரியும் இரண்டு இடத்திலும் ஒன்றே. குத்திக்கொள்வது யாருடைய விருப்பம் என்பதில்தான் வேறுபாடு.

ரோமானியரும் கிரேக்கரைப் பின்பற்றினர். கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் கான்ஸ்டன்டைன், தண்டனை பெற்றவர்களின் முகத்தில் குறியிடக் கூடாது என்று ஆணையிட்டார். ஆனால் கையிலும் காலிலும் குறியிடத் தடையில்லை!

இந்தக் கொடுமை நம் நாட்டுக்கும் வந்தது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சை குத்தினார்கள். 'கோத்னா' எனப்பட்ட அந்தத் தண்டனை 1849-இல்தான் ஒழிக்கப்பட்டது. பிரிட்டிஷ் ராணுவத்தில் ஓடிப்போய்ப் பிடிபட்ட சிப்பாய்க்கு, 'ஓடிப்போனவன்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தைத் தோலில் குத்தும் வழக்கம் 1871 வரை இருந்தது.

பிறகு அறிவியலும் இதில் தன் பங்குக்குப் பிழை செய்தது. இத்தாலிய மருத்துவர் சேசாரே லோம்பிரோசோ 1876-இல் வெளியிட்ட நூலில், குற்றவாளிகள் பிறவியிலேயே குற்றவாளிகள் என்றும், பச்சை குத்திக்கொள்வது அத்தகையோரின் அடையாளங்களுள் ஒன்று என்றும் வாதிட்டார். சிறையில் இருந்தவர்களின் உடலில் குறிகளைக் கண்டவர், அவற்றையே பிறவிக் குற்றத்துக்குச் சான்றாகக் கொண்டுவிட்டார். இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணமாகாது என்று சோதனைச்சாலையில் நாம் முதலாண்டு மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு பேராசிரியர் அதை மறந்ததன் விளைவு, பச்சை குத்தியவர் என்றாலே மனக்கோளாறோ குற்ற மனமோ உள்ளவர் என்ற எண்ணம் படித்தவர்களிடையே நெடுங்காலம் நிலைத்தது.

இரண்டாம் உலகப் போரில் இக்கதை அதன் அடிமட்டத்தைத் தொட்டது. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் கைதிகளின் பெயர்களைப் பறித்துக்கொண்டு எண்களைக் கையில் குத்தினார்கள். உயிர் பிழைத்தவர்கள் அந்த எண்ணோடும், அது கிளறிய நினைவுகளோடும் எஞ்சிய காலத்தைக் கழித்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் அவர்களுடைய பேரப் பிள்ளைகள் சிலர் தாத்தாவின் எண்ணை, பாட்டியின் எண்ணைத் தாமே விரும்பித் தங்கள் கையில் குத்திக்கொண்டார்கள். இழிவுபடுத்தக் குத்திய அதே எண், அன்பின் நினைவாக மாறியது.

1963-ஆம் ஆண்டில் எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியல் அறிஞர் 'ஸ்டிக்மா' என்ற பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். தோலில் ஊசி படாமலேயே சமூகம் மனிதர்களின் மேல் குறியிடுகிறது என்பதை அதில் விளக்கினார். அப்படிக் குறியிடப்பட்டவர்களில் மனநோய் விடுதியில் இருந்து திரும்பியவர்களும் உண்டு. நம் ஊரில் 'பைத்தியம்' என்ற ஒரு சொல் ஒருவரின் திருமணத்தையும் வேலையையும் என்ன செய்துவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். நெற்றியில் குத்திய கோத்னாவுக்கும் அதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

வெனிஸ் அச்சகத்திலிருந்து விஸ்கான்சினுக்கு

இப்போது அந்த மாணவியின் அரைப்புள்ளிக்கு வருவோம். நம் ஓலைச்சுவடிகளில் நிறுத்தற்குறிகள் இல்லை. அவை அச்சுப் புத்தகங்களின் வழியே தமிழுக்கு வந்தவை. அரைப்புள்ளி பிறந்த இடமும் ஓர் அச்சகமே. 1490-களில் இத்தாலியின் வெனிஸ் நகரில் அல்டஸ் மனுடியஸ் என்ற அச்சகத்தார், காற்புள்ளிக்கு மேல் ஒரு புள்ளி வைத்த இந்தக் குறியை அச்சில் வெளியிட்டார். வாக்கியம் இங்கே சற்று நிற்கிறது, ஆனால் முடியவில்லை என்று படிப்பவருக்குச் சொல்வதே இதன் வேலை.

ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேல் கழித்து, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த ஏமி புளூயெல் என்ற பெண் இதற்குப் புதிய பொருள் தந்தார். அவருடைய தந்தை 2003-இல் தற்கொலை செய்துகொண்டவர். ஏமியும் சிறு வயதிலிருந்தே மனச்சோர்வோடு போராடியவர். தந்தையின் நினைவாக 2013-இல் அவர் 'அரைப்புள்ளித் திட்டம்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். வாக்கியத்தை முடித்திருக்கக்கூடிய எழுத்தாளர் முடிக்காமல் தொடர்வதைப் போல, நம் வாழ்க்கை என்னும் வாக்கியத்தை நாமும் தொடர்வோம் என்பதே அதன் செய்தி. முதலில் மணிக்கட்டில் பேனாவால் வரைந்துகொண்டார்கள்; பிறகு பலர் அதையே பச்சையாகக் குத்திக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் அது உலகெங்கும் பரவி, எங்கள் ஆய்வகம் வரை வந்துவிட்டது.

அது பரவியதற்குக் காரணம் தெளிவானது. மனநோய் கண்ணுக்குத் தெரியாத நோய். கை முறிந்தவனுக்குக் கட்டுப் போட்டிருப்பதைப் பார்த்து நாம் விசாரிக்கிறோம். மனம் முறிந்தவனுக்குக் கட்டு இல்லை. யாரும் விசாரிப்பதும் இல்லை. சமூகம் ஒளித்து வைக்கச் சொன்னதை இவர்கள் தாங்களே வெளியே எடுத்து வைத்தார்கள். ஒரு காலத்தில் பிறர் வலிந்து குத்திய 'ஸ்டிக்மா'வை, இன்று அதே இழிவை எதிர்ப்பதற்காகத் தாமே குத்திக்கொள்கிறார்கள். சொல்லின் வரலாறு ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறது.

ஆனால் இக்கதையின் வருத்தமான பகுதியையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2017 மார்ச்சு மாதம், தமது 31-ஆம் வயதில், ஏமி புளூயெல் தற்கொலையால் இறந்தார். அவருடைய முயற்சி பொய்யாகிவிட்டது என்று இதற்குப் பொருளல்ல. எத்தனையோ பேரை அது பேச வைத்தது. மனச்சோர்வு மீண்டும் மீண்டும் வரக்கூடிய நோய் என்பதும், குறி வேறு, மருத்துவம் வேறு என்பதும்தான் நாம் இதில் அறியவேண்டியவை.

மூலக்கூறு ஒன்று படமான விதம்

அறிவியல் மாணவர்கள் சிலர் அரைப்புள்ளிக்குப் பதில் ஒரு மூலக்கூறின் அமைப்பைக் குத்திக்கொள்கிறார்கள். அறுகோணமும் ஐங்கோணமும் ஒட்டி நிற்கும் அந்தப் படம் செரட்டோனின். 1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் ஆகியோர் இதை இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். இரத்தக் குழாய்களைச் சுருக்கும் பொருள் என்றே அப்போது அறியப்பட்டது. மூளையிலும் அது இருப்பது பின்னர் தெரிந்தது. 1960-களில், அது குறைவதுதான் மனச்சோர்வுக்குக் காரணம் என்ற கருத்து எழுந்தது.

அக்கருத்து எளிமையானது, அதனாலேயே பரவியது. ஆனால் 2022-இல் வெளிவந்த ஒரு விரிவான மறுஆய்வு, செரட்டோனின் குறைவே மனச்சோர்வை உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று கூறியது. இதைக் கேட்டு யாரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. ஒரு மருந்து பயன்படுகிறதா என்பது ஒரு கேள்வி. அது எப்படிப் பயன்படுகிறது என்பது வேறு கேள்வி. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் செய்யவேண்டியவை. மரபு, வாழ்ந்த சூழல், இழப்பு, வறுமை, உறக்கம், உடல்நோய் என்று பலவும் சேர்ந்து மனச்சோர்வை உண்டாக்குகின்றன. ஒரே மூலக்கூறில் அடங்காத நோய் அது. ஆயினும், 'இது என் குணக்கேடு அல்ல, ஒரு நோய்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள அந்தப் படம் ஒருவருக்கு உதவுமானால், அதை நாம் குறைகூற வேண்டியதில்லை.

குறி செய்வதும் செய்யாததும்

உலகில் 2019-ஆம் ஆண்டில் சுமார் 97 கோடிப் பேர், அதாவது எட்டில் ஒருவர், ஏதோ ஒரு மனநோயோடு வாழ்ந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. நம் நாட்டில் 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினர் அந்நிலையில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மருத்துவம் பெறவில்லை. சிகிச்சை நிலையம் இல்லாதது ஒரு காரணம். அங்கே போவதற்கு வெட்கப்படுவது இன்னொரு காரணம்.

சட்டமும் மெல்ல மாறியிருக்கிறது. 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கி வைத்திருந்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், அவ்வாறு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ளவேண்டும், அவருக்கு அரசு உதவி செய்யவேண்டும் என்றது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அந்தப் பழைய பிரிவு இடம்பெறவில்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கத்தோடு செய்யும் முயற்சி மட்டுமே குற்றமாக உள்ளது. துன்பப்பட்டவரின் மேல் சட்டம் குத்தியிருந்த குறி ஒன்று இவ்வாறு பெருமளவு அழிந்தது.

பச்சை குத்திக்கொள்ள நினைக்கும் இளைஞர்களுக்கு ஒன்றிரண்டு சொற்கள். ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியை இன்னொருவருக்குப் பயன்படுத்தினால் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் 'பி', 'சி' வைரஸ்களும் எச்.ஐ.வி.யும் தொற்றக்கூடும். பிறகு லேசரால் அழித்துக்கொள்ளலாம் என்று எண்ணுவதும் எளிதல்ல. நானோ நொடி அளவே நீடிக்கும் ஒளித்துடிப்பு வண்ணத் துகளை உடைக்கிறது. உடைந்த பொடியை உடல் சிறுகச் சிறுக அகற்றவேண்டும். அதற்குப் பலமுறை செல்லவேண்டும். செலவும் உண்டு, வலியும் உண்டு. மனம் கலங்கியிருக்கும் வேளையில் இப்படிப்பட்ட நிலையான முடிவை எடுக்காமல், தேறிய பின் நிதானமாக எடுப்பதே நல்லது. குத்திக்கொள்ளாமலும் தேறலாம் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ வாழ்க்கை பாரமாகத் தோன்றினால் அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசிச் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

ஒருவரின் கையில் அரைப்புள்ளியைப் பார்த்தால் நீங்கள் என்ன செய்யவேண்டும்? என்னைப் போல் பலர் முன்னிலையில் வேடிக்கையாகக் கேட்காதீர்கள். கதையைச் சொல்லும்படி வற்புறுத்தவும் வேண்டாம். அவராகச் சொல்ல வந்தால் இடைமறிக்காமல் கேளுங்கள். அந்த மாணவி விடைபெற்றுச் செல்லும்போது நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க சார். கேட்டீங்களே, அது போதும்" என்றாள். இப்போது வெளியூரில் முதுகலை படிக்கிறாள். சென்ற மாதம் கடிதம் எழுதியிருந்தாள். லேசர் இயற்பியலைச் சிறப்புப் பாடமாக எடுத்திருக்கிறாளாம்.